தண்ணீர் மாதிரி

போத்தலின் கழுத்தில் நூல் கட்டி
மதகுக்குக் கீழே இறக்குகிறேன்.
இது பதினேழாவது.
சீட்டில் எழுத வேண்டும்: இடம், திகதி, நேரம்,
எடுத்தவர் – சித்தி மஸாஹிரா, கள உதவியாளர்.
வகை என்ற கட்டத்தில்
தண்ணீர் மாதிரி.

டோர்ச் பிடித்திருந்த உதுமாலெவ்வை
எட்டி வாசித்தார்.
"ஓம் புள்ள, சரியாத்தான் எழுதியிருக்காய்.
தண்ணி மாதிரித்தான் கிடக்கு."

சம்மாந்துறைக்கு மேற்கே இந்த வாய்க்கால்
ஆலை வரைக்கும் ஒரு நிறம்.
ஆலையைத் தாண்டினால்
பழங்கஞ்சியில் கரி கரைத்த நிறம்.
நெல் ஊறிய தொட்டியை
இரவு இரண்டு மணிக்குத் திறப்பார்கள்.
சுபஹுக்கு எழும்புகிறவர்களை
பாங்குக்கு முந்தி நாற்றம் எழுப்பிவிடும்.

பகலில் போனால் குழாய் காய்ந்திருக்கும்.
போவதற்கு ஏழு நாள் முன்னால்
கடிதம் அனுப்புவது எங்கள் நடைமுறை.
அதைத் தட்டச்சு செய்வதும் நான்தான்.
"தங்கள் ஆலைக்கு வருகை தரவுள்ளோம்."
கல்யாணக் காட்டில்கூட இவ்வளவு மரியாதை இருக்காது.
வாசலில் செவ்விளநீர் வெட்டி வைத்திருப்பார்கள்.

போத்தல் சூடாகக் கூடாது.
நாலு பாகைக்கு மேல் போனால்
ஆய்வுகூடம் ஏற்காது.
ஆய்வுகூடம் மலைகளுக்கு அப்பால்.
நிந்தவூர் மீன்காரர் ஜவ்பரிடம்
ரெஜிபோம் பெட்டி இரவல் வாங்கி
ஐஸ் உடைத்துப் போட்டு
பஸ் சாரதியின் காலடியில் வைத்து அனுப்பினால்
மஹியங்கனையில் உருகத் தொடங்கும்,
பதினெட்டு வளைவில் மிதக்கும்.
ஒருமுறை பதில் வந்தது:
"மாதிரியில் மீன் வாசம். நிராகரிக்கப்படுகிறது."

இந்த வாய்க்காலில்
மீன் வாசம் வீசி எத்தனை வருடம்!
உதுமாலெவ்வையிடம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
"பனையானா, கெளுத்தியா எண்டு
கேட்டு எழுது" என்றார்.

வட்டையின் கடைசியில் அவருக்கு இரண்டு ஏக்கர்.
பார்த்தால் அழகு. கரும்பச்சை. இடுப்பளவு.
கதிரை உருவினால் பதர்.
பதருக்குக் கழிவு போட்டு
அதே ஆலைதான் அந்த நெல்லை வாங்குகிறது.
ஆக, ஆலையின் கழிவு
அவருக்கு இரண்டு தரம்.

என் காக்கா அங்கேதான்
கொதிகலனுக்கு உமி தள்ளுகிறார்.
எங்கள் வீட்டுச் சோறும் அந்தச் சாக்குத்தான்.
மூடு என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை.
ஒரு தொட்டி கட்டு, சுத்தமாக்கி விடு,
நாங்கள் இரவில் வந்தாலும் கேட்டைத் திற.
அவ்வளவுதான்.
அறிக்கையில் அதற்குப் பெயர் பரிந்துரை.
மீறினால் தண்டம்,
ஒரு நாள் தவிடு விற்ற காசுக்கும் குறைவு.
உமி, மின்சாரம், தண்டம் என்று
மாதச் செலவில் முன்கூட்டியே எழுதியிருக்கிறதாம்.
காக்கா பார்த்திருக்கிறார்.

திரும்பி வந்த போத்தலை எறிய மனமில்லாமல்
அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன்.
புதன்கிழமை, உரிமம் புதுப்பிக்கிற கூட்டம்.
வெயில். ஒரே ஒரு மின்விசிறி.
கையொப்பத்துக்குப் பேனையைத் திறந்த நேரம்
மூடி வெடித்தது.
கோப்பில், தேநீரில், மேலதிகாரியின் வெள்ளைச் சேட்டில்
பதினாறாம் இலக்கம்.
எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.
"என்ன இது?"
"தண்ணீர் மாதிரி, சேர்."

நனைந்த படிவத்தைத் திரும்ப அடிக்க
மூன்று நாள் எடுத்தது.
நான்தான் அடித்தேன். ஒற்றை விரலால்.
அந்த மூன்று நாளும் ஆலைக்கு உரிமம் இல்லை.
மூன்று இரவும் தொட்டி திறந்தது.

அதனால் இம்முறை கடிதம் அனுப்பவில்லை.
அறிவிக்காமல் எடுத்தது செல்லாது என்பார்கள்.
தெரியும்.
நேரம் என்ற கட்டத்தில்
இரவு இரண்டு ஐந்து என்று எழுதி
நூலை இழுக்கிறேன்.

போத்தல் கையைச் சுடுகிறது.